முதல் முறை மலை சுற்றப் போகிறவர்களுக்கு

திருவண்ணாமலையில் ஆட்டோக்காரரிடம் கிரிவலம் என்று சொன்னால், "மலை சுத்தப் போறீங்களா?" என்று திருப்பிக் கேட்பார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். மலை, அதைச் சுற்றுவது, அவ்வளவுதான் விஷயம். மற்ற ஊர்களில் சாமி கும்பிடும்போது கையைக் கூப்புகிறோம், கண்ணை மூடுகிறோம், வாயால் பாடுகிறோம். இந்த ஊரில் கும்பிடுவது கால்.

மலையே லிங்கம் என்பது இங்குள்ள நம்பிக்கை. பஞ்சபூதத் தலங்களில் இது அக்னித் தலம். அடிமுடி காண முடியாத நெருப்பாக நின்றவன் குளிர்ந்து மலையானான் என்று தலபுராணம் சொல்கிறது. 217 அடி ராஜகோபுரத்தோடு அத்தனை பெரிய கோயில் இருந்தாலும், மலையின் காலடியில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. அதனால் கருவறையைச் சுற்றுவது போல மலையையே சுற்றுகிறோம். ஒரு சுற்று 14 கிலோமீட்டர். அண்ணாமலையாரே வருடத்தில் இரண்டு முறை மலை சுற்றுகிறார்: கார்த்திகை தீபம் முடிந்த பிறகு ஒரு முறை, தை மாதத்தில் சாமிக்கும் அம்மனுக்கும் நடக்கும் ஊடல் விழாவான திருவூடல் முடிந்த பிறகு ஒரு முறை.

நான் முதலில் போனது ஒரு சித்ரா பௌர்ணமிக்கு. சித்தப்பா மகனும் நானும் கூட்டத்தோடு கூட்டமாக, ஏறக்குறைய ஓடுகிற மாதிரி நடந்து மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டோம். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். திரும்பும் பஸ்ஸில் அவன் கேட்டான்: "அண்ணே, நந்தி முகம் எங்க தெரிஞ்சுது?" எனக்குத் தெரியவில்லை. 14 கிலோமீட்டரும் முன்னால் போனவரின் முதுகைத்தான் பார்த்திருந்தேன். அடுத்த தை மாதம் ஒரு புதன்கிழமை விடியற்காலையில் தனியாகப் போனேன். அன்றைக்குத்தான் நான் மலை சுற்றினேன் என்று சொல்லிக்கொள்வேன்.

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டில் டைல்ஸிலும் தெருவில் செருப்பிலும் நடந்து, தன் உடம்பு தனக்கே அந்நியமாகிவிட்டது என்று உணர்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பக்தி இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் வாருங்கள். கால் நடக்க நடக்க மற்றது தானாக வரும்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

முதல் முறைக்குப் பௌர்ணமி வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். பௌர்ணமி இரவுக்கு ஒரு மகிமை உண்டு, மறுக்கவில்லை. லட்சக்கணக்கான பேர் ஒரே திசையில் நடப்பதைப் பார்ப்பதே ஒரு தரிசனம். ஆனால் அன்றைக்கு உங்கள் வேகத்தைக் கூட்டம்தான் முடிவு செய்யும். நிற்க நினைத்தால் பின்னால் வருகிறவர் இடிப்பார். பஸ்களையும் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நிறுத்திவிடுவார்கள். கார்த்திகை தீபத்தன்று இதெல்லாம் இன்னும் பல மடங்கு.

மார்கழி, தை, மாசி மாதங்களில் ஒரு சாதாரண வார நாளாகப் பாருங்கள். பங்குனி பிறந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கே தார் ரோடு காலைச் சுட ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்புவது என் பழக்கம். நிதானமாக நடந்தால் ஐந்து மணி நேரம் ஆகும், ஒன்பது மணிக்கு முடித்துவிடலாம். பாதை நெடுக விளக்கு உண்டு, அந்நேரத்திலும் நாலு பேர் நடந்துகொண்டுதான் இருப்பார்கள். இருந்தாலும் முதல் முறை போகும்போது ஒரு துணையோடு போங்கள், பெண்கள் அவசியம். மாலை நான்கரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு முடிப்பதும் நல்லதுதான். அதில் ஒரே ஒரு குறை, பகல் முழுக்க வெயில் குடித்த தரை சீக்கிரம் ஆறாது.

எப்படிப் போனாலும் முந்தின நாளே ஊருக்கு வந்து தூங்கி எழுங்கள். சென்னையிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர். இரவு முழுக்கப் பஸ்ஸில் தலை ஆடிக்கொண்டே வந்து இறங்கி, அப்படியே நடக்கத் தொடங்குகிறவர்களைப் பார்க்கிறேன். ஏழாவது கிலோமீட்டரில் அவர்கள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

காலைப் பழக்குவது

மலையை வெறுங்காலோடுதான் சுற்ற வேண்டும் என்பது மரபு. சிவனே மலையாக இருக்கும்போது செருப்போடு எப்படி என்பது ஒரு காரணம். எனக்குத் தெரிந்த இன்னொரு காரணம், செருப்பு போட்டவர் பாதையைப் பார்க்கிறார், செருப்பில்லாதவர் பாதையைத் தொடுகிறார். நம் உடம்பில் அதிகமாக உணர்வு படிந்த இடங்களில் உள்ளங்கால் ஒன்று. அதை ரப்பருக்குள் மூடி வைத்து எத்தனையோ வருடம் ஆகிறது.

ஆனால் நேற்று வரை ஷூ போட்டுக்கொண்டிருந்த காலை இன்றைக்கு 14 கிலோமீட்டர் நடத்துவது கொடுமை. ஒரு மாதம் கொடுங்கள்.

முதல் வாரம் மண் தரை போதும். வீட்டு வாசல், பூங்கா, மைதானம், எதுவானாலும் சரி. தினமும் பத்து நிமிடம், மிக மெதுவாக. முதல் நாள் ஒவ்வொரு சின்னக் கல்லும் ஊசி மாதிரிக் குத்தும், உடம்பு தோள் வரைக்கும் கூசும். நான்காவது, ஐந்தாவது நாளில் ஒரு மாற்றம் தெரியும். கல்லின் மேல் பாதம் படும்போது, நீங்கள் நினைக்கும் முன்பே பாதம் வளைந்து எடையைப் பக்கத்தில் சாய்த்துக்கொள்ளும். குழந்தையாக இருந்தபோது கற்ற வித்தை, கால் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது வாரம் சிமெண்ட் தரை, இருபது நிமிடம். மூன்றாவது வாரம் தெரு, அரை மணி நேரம். நான்காவது வாரத்தில் ஒரு நாளாவது நான்கைந்து கிலோமீட்டர் ஒரே மூச்சாக நடந்து பாருங்கள். குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தால் இந்த ஒரு மாதமும் இரவில் வெந்நீரில் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவுங்கள். வெடிப்போடு நடந்தால் பாதி வழியில் அது பிளந்து ரத்தம் வந்துவிடும். நகத்தை வெட்ட வேண்டியது கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு. முந்தின இரவு வெட்டி, சதையோடு போய்விட்டால் நடக்கவே முடியாது.

இனிச் சொல்வதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், பாதத்தில் மரமரப்பு உள்ளவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். என் பெரியம்மாவுக்குப் பத்து வருடச் சர்க்கரை. "சாமி பாத்துக்குவார்" என்று செருப்பில்லாமல் நடந்தார். முள் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் குளிக்கும்போதுதான் பார்த்திருக்கிறார். அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, மெத்தென்ற செருப்பு போட்டு நடங்கள். மலைக்கு அதில் ஒரு வருத்தமும் இருக்காது. மூட்டு வலி, இதயக் கோளாறு இருந்தாலும் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

பையில் என்ன

குறைவாக. ஒரு துணிப்பை, அரை லிட்டர் தண்ணீர் பிடிக்கிற எவர்சில்வர் பாட்டில், ஒரு துண்டு, கொஞ்சம் பேரீச்சம்பழமோ கடலைமிட்டாயோ, சில்லறைக் காசு, மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மருந்து. வழியெங்கும் கடைகள் உண்டு. சுக்கு காபி, மூலிகை சூப், நீர்மோர் எல்லாம் கிடைக்கும். பளபளக்கும் பிளாஸ்டிக் கவர் கையில் இருந்தால் குரங்கு வந்து பிடுங்கும், வாழைப்பழச் சீப்பை வெளியே தெரிகிற மாதிரி தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

உடை பருத்தியாக, தளர்வாக இருக்கட்டும். வேட்டி கட்டிப் பழக்கமில்லாதவர்கள் அன்றைக்கென்று கட்டிக்கொண்டு, ஒவ்வொரு நூறு அடிக்கும் நின்று சரிசெய்ய வேண்டாம். தொடை உரசும் உடம்பு என்றால் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். இதை யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள், பாதி வழியில் கஷ்டப்படுவார்கள்.

போனை அணைத்துப் பைக்குள் போடுங்கள். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும் கைக்கடிகாரம் இருந்தால் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். சாப்பாடு முந்தின இரவு இரண்டு இட்லி மாதிரி லேசாக. காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பப் பழக்கமில்லாதவர்கள் ஒரு பழம் சாப்பிடலாம்.

எப்படி நடப்பது

மலை எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். பாதையின் இடது ஓரமாக நடக்க வேண்டும், மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களும் தேவர்களும் நடக்கிற வழி என்பது ஐதீகம். நடைபாதை இருக்கிற இடங்களில் அதை விட்டு இறங்காதீர்கள், லாரியும் பஸ்ஸும் போகிற ரோடு.

வேகம் பற்றி ஒரு பழைய சொல் இருக்கிறது: நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பது போல நடக்க வேண்டும். ரமண மகரிஷியும் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி இந்த ஊருக்கு வந்தவர், 1950-ல் உடலை விடும் வரை மலையை விட்டு வேறெங்கும் போகவில்லை. 1926 வரை அன்பர்களோடு அடிக்கடி மலை சுற்றியிருக்கிறார். அவர்கள் ஒரே இரவில் முடித்துவிடுவதும் உண்டு, அங்கங்கே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டதும் உண்டு.

அந்த அரசியை மனதில் நிறுத்திப் பாருங்கள். அவளுக்கு அவசரமில்லை. வயிற்றில் ஒரு உயிர் இருக்கிறது, அதனால் ஒவ்வொரு அடியும் பார்த்து வைக்கிறாள். காலடிச் சத்தம் கேட்காது. இதைவிடத் தெளிவாக ஒரு நடையை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது என்று நினைக்கிறேன். சிறிய அடியாக வையுங்கள். குதிகால் முதலில் மெதுவாகப் படட்டும், பாதம் முழுக்கப் பரவட்டும், பிறகு விரல் எடுக்கட்டும். தோளைத் தளர விடுங்கள், தாடையைக் கடிக்காதீர்கள். கூட வருகிறவரிடம் முதல் ஒரு மணி நேரம் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். "அருணாசல சிவ" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நடக்கலாம். அதுவும் இல்லாமல் சும்மா நடக்கலாம்.

பாதையோடு

ராஜகோபுரத்தின் எதிரில் நின்று கும்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் வழியில் வரும்: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன். ஒவ்வொன்றிலும் கும்பிட்டு, திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு போவது வழக்கம். நான் இதோடு ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டேன். ஆகமத்தில் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம், நானாக வைத்துக்கொண்டது. ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று, அந்தத் தேவதைக்கு உரியது என் உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன்.

இந்திர லிங்கம் கோயில் பக்கத்திலேயே, கடைத்தெருச் சந்தடியில் இருக்கிறது. அங்கே நேராக நிற்கிறேனா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன். அக்னி லிங்கம் வரும்போது உடம்பு சூடேறத் தொடங்கியிருக்கும். மார்கழிக் குளிரில் கிளம்பி, அரை மணி நேரத்தில் காது மடல் கதகதவென்று ஆகியிருக்கும். தீயை வெளியே தேட வேண்டியதில்லை. அப்புறம் செங்கம் ரோட்டில் சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம் எல்லாம் தாண்டி எம லிங்கம். அந்த ரோட்டில் வாகனச் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச தூரம் போனதும் பெரிய ரோட்டை விட்டு வலது பக்கம் பாதை பிரியும். அங்கே திரும்பிய சில நிமிடங்களில் சத்தம் பின்னால் போய்விடும். வலப்பக்கம் காடு. காதுதான் முதலில் விழித்துக்கொள்ளும். மயில் அகவுவது, சருகில் ஏதோ ஓடுவது, உங்கள் மூச்சு, எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். நிருதி லிங்கம் இந்தப் பக்கம்தான். பொழுது புலர்ந்திருந்தால் மலையின் ஒரு முனை நந்தி படுத்திருப்பது போலத் தெரியும். நான் முதல் முறை தவறவிட்டது இதுதான்.

இங்கே தரையைக் கவனியுங்கள். விடிவதற்கு முன், வானம் பார்த்த இடத்தில் கல் ஜில்லென்று இருக்கும். மரத்தடிக்கு வந்ததும் ஒரு சின்னக் கதகதப்பு உள்ளங்காலில் தெரியும், இரவெல்லாம் மரம் தரைக்குப் போர்வையாக இருந்திருக்கிறது. வெயில் ஏறிய பிறகு இது தலைகீழாகும்: வெட்டவெளி சூடு, மரத்தடி குளிர். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், மேலே மரம் இருக்கிறதா இல்லையா என்று உங்கள் கால் சொல்லும். எனக்கு இது முதலில் தெரிந்த அந்தப் புதன்கிழமை, அந்த எல்லையில் மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன். ஒரு பெரியவர் நின்று, "என்னப்பா, ஏதாச்சும் தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவரும் நின்று காலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வருண லிங்கம் மேற்கில். இதற்குள் தாகம் எடுத்திருக்கும். அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், ஆனால் மடமடவென்று வேண்டாம். ஒரு வாய் எடுத்து, அது தொண்டையில் இறங்கி நெஞ்சுக்குள் குளிர்ச்சியாகப் போவது தெரிகிற வரை அடுத்த வாய் எடுக்காதீர்கள். வியர்வையாக வெளியே வருவதும் பாட்டிலில் இருந்து உள்ளே போவதும் ஒரே நீர் என்பது அப்போது உடம்புக்கே புரியும்.

அடி அண்ணாமலை ஊர் வந்தால் பாதி தாண்டிவிட்டது. இங்கேயும் ஒரு பழைய சிவன் கோயில் இருக்கிறது, கட்டாயம் உள்ளே போங்கள். பிரகாரத்துக் கல்லில் பத்து நிமிடம் கால் நீட்டி உட்காரலாம். மாணிக்கவாசகருக்கும் இந்த ஊரில் கோயில் உண்டு, அவர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பார்கள். நீங்கள் இப்போது மலையின் மேற்குப் பக்கம் இருக்கிறீர்கள். டவுனுக்குள் வெயில் வந்த பிறகும் இங்கே மலையின் நிழல்தான் விழுந்திருக்கும். மலைக்குப் பின்னால் வானம் மட்டும் சிவந்து, முகட்டின் ஓரம் கோடு போட்டது போல ஒளிரும். சூரியன் மலையைத் தாண்டி எழும்பி வரும் வரை காத்திருங்கள். அது முகத்தில் படும் முதல் நொடிக்காகத்தான் நான் நான்கு மணிக்குக் கிளம்பச் சொன்னேன்.

வாயு லிங்கத்தில் மூச்சைப் பாருங்கள். அடக்க வேண்டாம், எண்ண வேண்டாம். எத்தனையோ கிலோமீட்டர் நடந்து வந்த மூச்சு அது, ஆழமாகத் தானாகவே போய் வந்துகொண்டிருக்கும். பிராணாயாம வகுப்பில் மாதக்கணக்கில் முயன்றும் வயிறு வரை இறங்காத மூச்சு, இங்கே யாரும் சொல்லாமல் வயிற்றில் இருக்கும். ஒரு பத்து மூச்சு அதோடு இருங்கள்.

இதற்குப் பிறகுதான் கஷ்டமான பகுதி. பத்தாவது கிலோமீட்டர் வாக்கில் கால் கடுக்கும், இடுப்பு பிடிக்கும், மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும். இன்னும் எவ்வளவு, ஆட்டோ கிடைக்குமா, இதெல்லாம் தேவையா. எனக்கு எல்லா முறையும் இது வந்திருக்கிறது. கணக்கை நிறுத்த முயலாதீர்கள். வலிக்கிற இடத்துக்குக் கவனத்தைக் கொண்டுபோங்கள். வலி குதிகாலிலா, விரலடியிலா, குத்துகிறதா, எரிகிறதா? வலி என்ற ஒரே கட்டியாக இருந்தது நாலைந்து சின்ன உணர்ச்சிகளாகப் பிரியும். பிரிந்தவற்றைத் தாங்குவது எளிது. மூட்டில் கூர்மையாகக் குத்தினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, தலை சுற்றினாலோ அது வேறு விஷயம். உடனே உட்காருங்கள், உதவி கேளுங்கள், ஆட்டோ ஏறுங்கள். உடம்பின் பேச்சைக் கேட்கத்தானே வந்தோம், அது நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதும் வழிபாடுதான்.

குபேர லிங்கத்தை ஒட்டி இடுக்குப் பிள்ளையார் கோயில். இது சின்ன மண்டபம். உள்ளே படுத்து, உடம்பை ஒருக்களித்து, ஒடுங்கலான வழியில் நெளிந்து முன்பக்கமாக வெளியே வர வேண்டும். பார்க்கும்போது சின்னப் பிள்ளைதான் நுழைய முடியும் போலத் தோன்றும், கனத்த உடம்புக்காரர்களும் வந்துவிடுகிறார்கள். உள்ளே பாதியில் மாட்டிக்கொண்டதாக ஒரு கணம் பயம் வரும். தோளை இறுக்கினால் மாட்டும். மூச்சை விட்டு உடம்பைத் தளர்த்தினால் கல்லே வழுக்கி விடுவது போல நகரும். காதோரம் அந்தக் கல்லின் குளிர்ச்சி, எண்ணெய் வாசனை, வெளியில் யாரோ "கையை முன்னால நீட்டுங்க" என்று சொல்லும் குரல். வெளியே வந்து நிமிர்ந்தால் இடுப்புப் பிடிப்பு பாதி போயிருக்கும். மூடிய இடம் என்றால் பயப்படுகிறவர்கள் வெளியிலிருந்து கும்பிட்டுக்கொண்டு போகலாம்.

அதைத் தாண்டியதும் மலையைத் திரும்பிப் பாருங்கள். கோயில் பக்கம் ஒற்றைக் கூம்பாகத் தெரிந்த மலை இங்கே ஐந்து முகடாக நிற்கும், பஞ்சமுக தரிசனம் என்பார்கள். பிறகு ஊருக்குள் நுழைந்து ஈசான்ய லிங்கம். பக்கத்தில் சுடுகாடு. நடந்து களைத்த உடம்போடு அந்த இடத்தில் நிற்பதைப் பற்றி நான் எதுவும் விளக்கப் போவதில்லை, நின்று பாருங்கள். அங்கிருந்து ராஜகோபுரம் கிட்டத்தில்தான்.

மலையும் மண்தான்

இந்த மலையைப் படமாகவும் தத்துவமாகவும் மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அது பாறையும் மண்ணும் காடும் தண்ணீரும் சேர்ந்தது. ஞானசம்பந்தர் இந்த மலையைப் பாடியபோது அருவி முழவு போல அதிர்ந்ததைச் சொல்கிறார். பின்னாளில் மரங்கள் போய் மலை மொட்டையாகக் கிடந்தது. 1980-களின் கடைசியிலிருந்து தன்னார்வலர்களும் வனத்துறையும் கன்று நட்டு, தண்ணீர் சுமந்து, வெயில் காலத்தில் தீயணைத்து, இப்போது உங்கள் வலப்பக்கம் இருக்கும் பச்சையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் போதும், பல வருட வேலை ஒரே மாலையில் போய்விடும். அதனால் கற்பூரம் ஏற்றுவது கோயில்களுக்கு உள்ளே மட்டும். குடித்த டம்ளரையும் கவரையும் காட்டுக்குள் எறியாதீர்கள், மான் தின்றுவிடும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மலைச்சரிவில் மண் சரிந்து, கீழே வீட்டுக்குள் இருந்த ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். முதல் முறை வருகிறவர்கள் ஆர்வத்தில் மலை மேல் ஏறப் போகாதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் உச்சிக்குப் போகக் கூடாது. சுற்றுவதுதான் இங்கே மரபு.

வழியில் காவி உடுத்திய சாதுக்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். கொடுக்க நினைத்தால் சாப்பாடாகக் கொடுங்கள், குனிந்து கையில் கொடுங்கள். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம்.

முடித்த பிறகு

உடனே பஸ் ஏறாதீர்கள். அறைக்குப் போய்க் காலை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், விரலிடுக்கு உட்பட. வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் கல் உப்புப் போட்டுக் கால் மணி நேரம் கால் வைத்திருங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்க வேண்டாம், தானே அடங்கும். அப்புறம் நன்றாகப் பசிக்கும். அந்தப் பசியோடு சாப்பிடும் பொங்கலை மெதுவாகச் சாப்பிடுங்கள். படுத்துக் காலைச் சுவரில் ஏற்றி வைத்துக்கொண்டால் கெண்டைக்கால் இழுப்பது குறையும்.

அன்றிரவு கண்ணை மூடினால் உள்ளங்காலில் பாதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், கடலில் குளித்துவிட்டு வந்தால் அலை உடம்பிலேயே இருக்குமே, அந்த மாதிரி. எனக்கு இது இரண்டு நாள் வரை இருக்கும்.

ஊர் திரும்பிய பிறகு வெறுங்கால் நடையை விட்டுவிடாதீர்கள். இவ்வளவு பழக்கிய கால் மூன்று வாரத்தில் மறுபடி மென்மையாகிவிடும். மலை இல்லாத ஊரில் குளம் இருக்கும், குளம் இல்லாத இடத்தில் ஒரு அரசமரமாவது இருக்கும். காலையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அதை வலப்பக்கம் வைத்து, கர்ப்பிணி அரசியின் நடையில் மூன்று சுற்று. என் வீட்டுப் பக்கத்தில் ஒரு வேப்பமரம்தான். இன்று காலை அதன் அடியில் மண் ஈரமாக இருந்தது, இரவு எப்போதோ தூறியிருக்கிறது, எனக்குக் கால் வைத்த பிறகுதான் தெரிந்தது.